புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியவை

என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு 2025 ஜனவரி 30ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. நிறுவனம் அறிவித்த தொடக்க விலை 1,999 அமெரிக்க டாலர்.

ஒரு டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்து, 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்தால் கிட்டத்தட்ட 2,830 வெள்ளி. அது தாளில் இருக்கும் விலை. கடையில் போய்க் கேட்டால் பெரும்பாலும் அதைவிடக் கூடத்தான் சொல்வார்கள்.

தேசிய சேவையில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு 2025 ஜூலையிலிருந்து மாதப் படித்தொகை 790 வெள்ளி. ஒரு காசுகூடச் செலவு செய்யாமல் சேர்த்தாலும், இந்த ஒரு கார்டுக்கு ஏறக்குறைய 4 மாதம் ஆகும்.

கார்டு நல்ல கார்டுதானா? நல்ல கார்டுதான். ஆனால் அதை உங்க கணினியில் மாட்டினால் உங்களுக்கு வித்தியாசம் தெரியுமா? அதற்கான பதில் கார்டைவிட உங்க திரை, புரோசசர், நீங்க விளையாடும் கேம் ஆகியவற்றைத்தான் அதிகம் சார்ந்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கிராஃபிக்ஸ் கார்டு என்னதான் செய்யுது?

கேமில் நீங்கள் பார்க்கும் காட்சி, ஒரு வினாடிக்குப் பல தனித்தனிப் படங்களாக வரையப்படுகிறது. ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதுதான் எஃப்பிஎஸ்.

எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா யார்மேல் பட்டது போன்ற கணக்கைப் புரோசசர் போடுகிறது. அதைப் படமாக வரைவது கிராஃபிக்ஸ் கார்டின் வேலை. இரண்டில் எது மெதுவோ, அதன் வேகத்தில்தான் கேம் ஓடும். இதை மட்டும் மனசில வச்சுக்குங்க. கீழே வரும் பாதி விஷயம் இதிலிருந்துதான் வருகிறது.

இப்போ சந்தையில் என்ன இருக்கு?

2025இல் அறிமுகமான முக்கியக் கார்டுகளும் அவற்றின் அறிவிக்கப்பட்ட விலைகளும் இவை. வெள்ளிக் கணக்கு மேலே சொன்ன அதே முறையில், பொருள் சேவை வரியோடு போடப்பட்டது.

- ஆர்டிஎக்ஸ் 5090: 32 ஜிபி நினைவகம், 575 வாட், 1,999 டாலர் (சுமார் 2,830 வெள்ளி)
- ஆர்டிஎக்ஸ் 5080: 16 ஜிபி, 360 வாட், 999 டாலர் (சுமார் 1,415 வெள்ளி)
- ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ: 16 ஜிபி, 300 வாட், 749 டாலர் (சுமார் 1,060 வெள்ளி)
- ஏஎம்டி ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி: 16 ஜிபி, 304 வாட், 599 டாலர் (சுமார் 850 வெள்ளி)
- ஆர்டிஎக்ஸ் 5070: 12 ஜிபி, 250 வாட், 549 டாலர் (சுமார் 780 வெள்ளி)
- ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, 16 ஜிபி ரகம்: 180 வாட், 429 டாலர் (சுமார் 610 வெள்ளி)

இவை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான எண்கள். கடை விலை வாரத்துக்கு வாரம் மாறும். கடைக்காரர் சொல்லும் விலை இதைவிட எவ்வளவு தூரம் தள்ளி இருக்கிறது என்று பார்த்தால், அது நல்ல நேரமா கெட்ட நேரமா என்பது ஓரளவு புரிந்துவிடும்.

பட்டியலை இன்னொரு தடவை பாருங்க. 5090இன் அறிவிக்கப்பட்ட விலை 5080ஐப் போல் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கு இல்லை. உச்சியில் இருக்கும் கார்டில், கடைசிக் கொஞ்ச வேகத்துக்குத்தான் ஆக அதிகக் காசு.

'பழைய கார்டைவிடப் பல மடங்கு வேகம்' என்றால் என்ன அர்த்தம்?

2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த சிஇஎஸ் கண்காட்சியில், என்விடியா தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங் ஒரு பெரிய அறிவிப்பைச் செய்தார். 549 டாலர் 5070, முந்தைய தலைமுறையின் 1,599 டாலர் 4090க்கு இணையான செயல்திறனைத் தரும் என்றார்.

அரங்கில் கைத்தட்டல். இணையத்தில் பரபரப்பு. ஆனால் அந்த ஒப்பீட்டுக்குப் பின்னால் 'மல்டி ஃபிரேம் ஜெனரேஷன்' என்ற தொழில்நுட்பம் இருந்தது.

அது எப்படி வேலை செய்கிறது? கார்டு உண்மையாக ஒரு ஃபிரேமை வரைகிறது. அதற்கும் அடுத்த உண்மையான ஃபிரேமுக்கும் இடையில், செயற்கை நுண்ணறிவு மூன்று ஃபிரேம்கள் வரை ஊகித்து நிரப்புகிறது. உண்மையில் 30 எஃப்பிஎஸ் ஓடும் கேம், திரையில் 120 என்று காட்டும்.

கண்ணுக்கு அது வழுவழுப்பாகத்தான் தெரியும். அதில் பொய் இல்லை. ஆனால் நீங்கள் மௌஸை நகர்த்தினால், கேம் அதைக் கவனிப்பது உண்மையான ஃபிரேம்களில் மட்டும்தான். போதாததற்கு, இடையில் நிரப்ப வேண்டுமென்றால் அடுத்த உண்மையான ஃபிரேம் தயாராகும்வரை கார்டு கொஞ்சம் காத்திருக்க வேண்டும். அதனால் கைக்கு ஒரு சின்னத் தாமதம் தெரியும்.

கதை சொல்லும் கேம்களில் இது பெரிய குறையாகத் தெரியாது. அதுவும் அடிப்படை வேகம் 60க்குப் பக்கத்தில் இருந்தால் நன்றாகவே இருக்கும். வேலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களில் கதை வேறு. அங்கே கைக்கும் திரைக்கும் இடையிலான தாமதம்தான் வெற்றி தோல்வியை முடிவு செய்யும்.

அதனால் எந்த ஒப்பீட்டு வரைபடத்தைப் பார்த்தாலும் முதலில் ஒன்றைத் தேடுங்க: ஃபிரேம் ஜெனரேஷன் போட்டு எடுத்த எண்ணா, போடாமல் எடுத்த எண்ணா?

போடாமல் பார்த்தால் 5090, 4கே திரையில் 4090ஐவிடச் சுமார் 30 விழுக்காடு வேகம். பக்கத்திலேயே இன்னும் இரண்டு எண்ணை வைத்துப் பாருங்க. அறிவிக்கப்பட்ட விலை 25 விழுக்காடு கூடுதல். மின்சாரம் 450 வாட்டிலிருந்து 575 வாட், அதாவது சுமார் 28 விழுக்காடு கூடுதல். கிடைக்கும் கூடுதல் வேகத்துக்குக் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல் காசும் கரண்டும் போகிறது.

உங்க திரை என்ன திரை?

கார்டு எவ்வளவு படம் வரைந்தாலும் நீங்கள் பார்ப்பது திரையைத்தான்.

சாதாரண 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 1440பி திரையில் சுமார் 37 லட்சம். 4கே திரையில் சுமார் 83 லட்சம், 1080பி திரையைப் போல் நான்கு மடங்கு. விலை உயர்ந்த கார்டுகள் அந்த 83 லட்சம் புள்ளிகளை வேகமாக நிரப்புவதற்காகவே செய்யப்பட்டவை.

உங்களிடம் இருப்பது 1080பி, 60 ஹெர்ட்ஸ் திரை என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு 200 வரைந்தாலும் திரையில் 60தான். அப்படிப்பட்ட திரைக்கு 5090 வாங்குவது, புளோக் கார் நிறுத்துமிடத்துக்குள் ஓட்டுவதற்காகப் பந்தயக் கார் வாங்குவது மாதிரி.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கு முதல் செலவு திரையாக இருப்பது நல்லது. 1440பி, 144 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒரு நல்ல திரை, உச்சக் கார்டின் விலையில் ஒரு சிறு பகுதிக்குக் கிடைக்கும். மாற்றம் முதல் நாளிலேயே கண்ணுக்குத் தெரியும். திரை பல கார்டு தலைமுறைகளைத் தாண்டியும் உழைக்கும்.

உண்மையில் கார்டுதான் பிரச்சினையா? 10 நிமிஷத்தில் தெரிஞ்சுக்கலாம்

காசு செலவில்லாத ஒரு சோதனை இது.

1. நீங்கள் அதிகம் விளையாடும் கேமைத் திறங்க. எஃப்பிஎஸ், கார்டின் பயன்பாட்டு விழுக்காடு இரண்டையும் திரை ஓரத்தில் காட்டும்படி வையுங்க. என்விடியா செயலி இருந்தால் ஆல்ட், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் போதும்.

2. கூட்டமான, சண்டை நடக்கும் இடத்துக்குப் போங்க. அங்கே கார்டின் பயன்பாடு 95 விழுக்காட்டுக்கு மேல் நிற்கிறதா? அப்படியென்றால் கார்டு தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டது. புதுக் கார்டு உதவும்.

3. 60, 70 விழுக்காட்டிலேயே நிற்கிறதா? எஃப்பிஎஸ்ஸுக்கு நீங்களே ஒரு வரம்பு வைத்திருக்கிறீர்களா, வி-சின்க் போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்க. இரண்டும் இல்லையென்றால் கார்டு சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. புரோசசர்தான் மெதுவாக இருக்கிறது.

4. உறுதி செய்துகொள்ள, கேமின் ரெசொலூஷனைக் குறையுங்க. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டு. கொஞ்சமும் ஏறாவிட்டால் தடை புரோசசர்.

மூன்றாவது நிலையில் இருப்பவர் 2,800 வெள்ளி கொடுத்துக் கார்டை மாற்றினாலும் எஃப்பிஎஸ் அப்படியேதான் இருக்கும். புரோசசரை மாற்றுவது அதைவிட எவ்வளவோ மலிவு.

வீடியோ நினைவகம்: வேகத்தைவிடச் சில சமயம் இதுதான் முக்கியம்

கேமர்கள் 'வீ-ரேம்' என்று சொல்வது இதைத்தான். காட்சிக்குத் தேவையான படங்களையெல்லாம் கார்டு தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம். இடம் போதாவிட்டால் கணினியின் பொது நினைவகத்திலிருந்து எடுத்து வர வேண்டும். அப்போதுதான் கேம் திடீரென்று திக்கித் திணறும். சராசரி எஃப்பிஎஸ் நன்றாகவே காட்டும், ஆனால் விளையாட முடியாது.

2017இல் வந்த ஜிடிஎக்ஸ் 1080 டிஐயில் 11 ஜிபி இருந்தது. 8 ஆண்டு கழித்து 2025இல் 8 ஜிபியோடு கார்டுகள் விற்கிறார்கள். 5060 டிஐ ஒரே பெயரில் 8 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு ரகமாக வருகிறது. அறிவிக்கப்பட்ட விலை வித்தியாசம் 50 டாலர்தான். மலிவாக இருக்கிறதே என்று எடுப்பதற்கு முன் பெட்டியில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்க.

1080பி திரைக்கு, போட்டி கேம்களுக்கு, 8 ஜிபி இன்னும் ஓடும். 1440பி திரையில் புதுக் கேம்களை உயர்ந்த தரத்தில் விளையாட வேண்டுமானால் 12 ஜிபிக்குக் குறைந்து போக வேண்டாம். சில ஆண்டுகள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபி நிம்மதி.

கார்டு விலை மட்டும்தான் செலவா?

இல்லை. உச்சக் கார்டு வாங்கினால் கூடவே நாலு செலவு வரும்.

*பவர் சப்ளை.* 5090க்கு 1,000 வாட் பவர் சப்ளையை என்விடியா பரிந்துரைக்கிறது. 5080க்கு 850, 5070 டிஐக்கு 750, 5070க்கு 650 வாட். உங்களிடம் 650 வாட் இருந்தால் 5090 என்பது இரண்டு பொருள் வாங்கும் வேலை.

*கேசிங்.* என்விடியாவே தயாரிக்கும் 5090இன் நீளம் 304 மில்லிமீட்டர். மற்ற நிறுவனங்கள் செய்யும் ரகங்கள் அதைவிட நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். வாங்குவதற்கு முன் அளவுகோலை எடுத்து உள்ளே அளந்து பாருங்க.

*மின்கம்பி முனை.* 2022இல் 4090 வந்த புதிதில், சிலரது கார்டுகளில் மின் இணைப்பு முனை உருகியது. பல நிகழ்வுகளில் முனை முழுதாகச் செருகப்படாததே காரணம் என்று என்விடியா சொன்னது. பிறகு முனையின் வடிவமைப்பு திருத்தப்பட்டது. இப்போதைய உயர்ரகக் கார்டுகளும் இதே குடும்பத்தைச் சேர்ந்த முனையைத்தான் பயன்படுத்துகின்றன. 'கிளிக்' என்று உட்காரும்வரை செருகுங்க. முனைக்குப் பக்கத்திலேயே கம்பியைச் சட்டென்று வளைக்காதீங்க. பழைய பவர் சப்ளையோடு கண்ட கண்ட மாற்று முனைகளைப் பயன்படுத்தாதீங்க.

*மின்கட்டணமும் சூடும்.* ஒரு கணக்கு போடுவோம். உங்களிடம் இருப்பது 220 வாட் ஆர்டிஎக்ஸ் 3070. மாற்றப்போவது 575 வாட் 5090. வித்தியாசம் 355 வாட். தினமும் 3 மணி நேரம் முழு வேகத்தில் விளையாடினால் மாதத்துக்குச் சுமார் 32 கிலோவாட்-மணி. ஒன்றுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் மாதம் 9 வெள்ளி 60 காசு, ஆண்டுக்குச் சுமார் 115 வெள்ளி.

அது கார்டுக்கு மட்டும். கார்டு எடுக்கும் மின்சாரம் எல்லாம் கடைசியில் சூடாக அறைக்குள்தான் வரும். வீவக வீட்டின் சாதாரண படுக்கையறையில் இருப்பது 9,000 பிடியு ஏர்கான் என்றால், 575 வாட் சூட்டை வெளியேற்றவே அதன் திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். குளிர்நாட்டு விமர்சகர்கள் தங்கள் காணொளியில் இதைப் பெரிதாகச் சொல்ல மாட்டார்கள். நமக்கு இது தினசரி விஷயம். கரண்டு பில்லை அப்பா அம்மா கட்டுகிறார்கள் என்றால், கார்டு வாங்குவதற்கு முன் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு வழி: எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் போன்ற மென்பொருளில் மின் வரம்பை 80 விழுக்காட்டுக்கு இறக்குங்க. சூடு நன்றாகக் குறையும். வேகம் கொஞ்சம்தான் குறையும்.

உங்ககிட்ட இப்போ என்ன கார்டு இருக்கு?

*ஜிடிஎக்ஸ் 10 வரிசை அல்லது அதற்கு முந்தையது:* மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. இந்தக் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர்களை வெளியிடுவதை 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. 2028 அக்டோபர்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். 'இண்டியானா ஜோன்ஸ் அண்ட் த கிரேட் சர்க்கிள்', 'டூம்: த டார்க் ஏஜஸ்' போன்ற கேம்களுக்கு ரே டிரேசிங் வசதி உள்ள கார்டு கட்டாயம். அதற்காக உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. 16 ஜிபி 5060 டிஐகூட உங்களுக்குப் பெரிய தாவல்தான்.

*ஆர்டிஎக்ஸ் 20, 30 வரிசை:* முதலில் இலவச மேம்பாட்டைப் பயன்படுத்துங்க. டிஎல்எஸ்எஸ் 4இல் வந்த புதிய படப் பெரிதாக்கும் முறை, ஆர்டிஎக்ஸ் 20 வரிசையிலிருந்து எல்லா ஆர்டிஎக்ஸ் கார்டுகளிலும் வேலை செய்யும். ஃபிரேம் ஜெனரேஷனுக்குத்தான் 40 வரிசை வேண்டும், பல ஃபிரேம் நிரப்பும் வசதிக்கு 50 வரிசை வேண்டும். டிரைவரைப் புதுப்பித்து, கேம் அமைப்பில் டிஎல்எஸ்எஸ் 'குவாலிட்டி' நிலையில் வைத்துப் பாருங்க. அப்படியும் போதவில்லை, மேலே சொன்ன சோதனையிலும் கார்டுதான் தடை என்று வந்தால், 5070 டிஐ அல்லது 9070 எக்ஸ்டி உங்களுக்குச் சரியான இடம்.

*ஆர்டிஎக்ஸ் 40 வரிசை:* பெரும்பாலானவர்களுக்குப் பதில், வேண்டாம். 4080 சூப்பரிலிருந்து 5080க்குப் போனால் கிடைக்கும் முன்னேற்றம், எண்ணைப் பார்க்காமல் விளையாடினால் தெரியாத அளவுக்குத்தான். 4090 வைத்திருப்பவர் 4கே திரையில் பாத் டிரேசிங் போட்டு 'சைபர்பங்க் 2077' போன்ற கேம்களை விளையாடுபவராக இருந்தால், வித்தியாசம் தெரியும். மற்றவர்கள் ஒரு தலைமுறை தாண்டிப் பார்க்கலாம்.

*போட்டி கேம் மட்டும் விளையாடுபவர்:* வேலரன்ட், டோட்டா 2 போன்றவை நடுத்தரக் கார்டிலேயே நூற்றுக்கு மேற்பட்ட எஃப்பிஎஸ் தரும். உங்களுக்கு வேண்டியது வேகமான புரோசசர், வேகமான திரை.

விளையாட இல்லை, வேலைக்கு வாங்குறேன். அப்போ?

இங்கே கணக்கு வேறு. முப்பரிமாண அசைவூட்டம், காணொளித் தொகுப்பு, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைச் சொந்தக் கணினியில் ஓட்டுவது போன்ற வேலைகளில் ஒவ்வொரு நிமிஷமும் காசு.

ஒரு நாளில் ஒரு மணி நேரம் மிச்சமானால், மாதத்துக்கு 20 வேலை நாளில் 20 மணி நேரம். அந்த நேரத்தில் இன்னொரு வேலையை எடுத்துச் செய்து மணிக்கு 25 வெள்ளி சம்பாதிக்க முடிந்தால் மாதம் 500 வெள்ளி. 2,830 வெள்ளி கார்டு 6 மாதத்தில் தன் விலையை ஈட்டிவிடும். மிச்சமான நேரத்தில் வேறு வேலை வராது என்றால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். நேர்மையாகப் போட்டுப் பாருங்க.

செயற்கை நுண்ணறிவு படிக்கும் மாணவர்களுக்கு நினைவகம்தான் முதல் கேள்வி. 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட மொழி மாதிரியை 4 பிட்டுக்குச் சுருக்கினாலும் அதற்கு மட்டுமே 35 ஜிபி வேண்டும். 5090இன் 32 ஜிபிக்குள்கூட அது முழுதாக அடங்காது. பாடத்திட்டத்துக்காக மட்டும் என்றால், தேவைப்படும் சில மணி நேரத்துக்கு மேகக் கணிமையில் கார்டை வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் மலிவு. கல்வி நிலையத்தின் ஆய்வகத்தில் என்ன இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்க.

காத்திருந்தால் விலை இறங்குமா?

'இன்னும் ஆறு மாசம் பொறு, விலை குறையும்' என்பது பழைய அறிவுரை. எப்போதும் பலிப்பதில்லை.

2020 செப்டம்பரில் 699 டாலருக்கு அறிவிக்கப்பட்ட ஆர்டிஎக்ஸ் 3080ஐ, 2021 முழுக்க அந்த விலைக்குத் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிருமித்தொற்றுக் காலத்துத் தட்டுப்பாடும் மின்னிலக்க நாணயம் தோண்டியவர்களும் விலையை ஏற்றிவிட்டார்கள். 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் அந்த முறையைக் கைவிட்ட பிறகு, பயன்படுத்திய கார்டுகள் சந்தையில் குவிந்தன.

இப்போது போட்டி தரவு நிலையங்களோடு. செயற்கை நுண்ணறிவுக்கான தேவையால் 2025 பிற்பகுதியில் நினைவகச் சில்லுகளின் விலை வேகமாக ஏறியது. கிராஃபிக்ஸ் கார்டின் செலவில் நினைவகமும் ஒரு பெரிய பங்கு.

அதனால் விலையை ஊகித்துக் காத்திருப்பதைவிட, தேவையை வைத்து முடிவெடுப்பது சுலபம். இப்போதைய கார்டு நீங்கள் விளையாடுவதை நன்றாக ஓட்டுகிறதா? காத்திருங்க, நஷ்டம் இல்லை. ஓட்டவில்லையா, விலையும் அறிவிக்கப்பட்ட விலைக்குப் பக்கத்தில் இருக்கிறதா? வாங்குங்க, வாங்கிய பிறகு விலையைப் பார்க்காதீங்க.

எங்கே வாங்குவது? எதைக் கவனிப்பது?

*உள்ளூர்க் கடை.* சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் ஒரே மாடியில் நாலு கடை விலையை ஒப்பிடலாம். விலையோடு கேட்க வேண்டியது: உத்தரவாதம் எத்தனை ஆண்டு? உள்ளூர் விநியோகிப்பாளர் தருவதா, கடை மட்டும் தருவதா? ரசீதில் கார்டின் வரிசை எண் இருக்கட்டும்.

*சட்டப் பாதுகாப்பு.* 'லெமன் லா' என்று அழைக்கப்படும் விதிகள் சிங்கப்பூரில் 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ளன. கடையில் வாங்கிய பொருளில் 6 மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது விற்கும்போதே இருந்ததாகத்தான் பொதுவாகக் கருதப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தர வேண்டும். அது முடியாதபோது விலைக் குறைப்பு அல்லது பணம் திரும்பக் கேட்கலாம். பேச்சு எடுபடாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கிறது.

*பயன்படுத்திய கார்டு.* தனிநபரிடமிருந்து தனிநபர் வாங்கினால் அந்த விதிகள் பொருந்தாது. பணத்தை முன்கூட்டி அனுப்பாதீங்க. கார்டு அவர் கணினியில் ஓடுவதை நேரில் பாருங்க. கனமான ஒரு கேமையோ சோதனை மென்பொருளையோ குறைந்தது 15 நிமிஷம் ஓடவிடச் சொல்லுங்க. விசிறிச் சத்தம், சூடு, திரையில் புள்ளி புள்ளியாக வருவது ஆகியவற்றைக் கவனிங்க. உத்தரவாதம் இன்னும் மிச்சம் இருந்தால் அசல் ரசீதையும் கேட்டு வாங்குங்க.

*வெளிநாடு.* ஜொகூர் பாருவில் மலிவு என்று போகிறவர்கள் கவனிக்க: 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்து திரும்பினால் பொருள் சேவை வரிச் சலுகை 100 வெள்ளிக்கு மட்டும். 48 மணி நேரம் அல்லது அதற்கு மேல் என்றால் 500 வெள்ளி. அதற்கு மேற்பட்ட தொகைக்கு அறிவித்து வரி கட்ட வேண்டும். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து தருவித்தாலும் வரி உண்டு. கோளாறு வந்தால் திருப்பி அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

*தவணை.* வட்டியில்லாத் தவணை என்றாலும் கடன் கடன்தான். 24 மாதத் தவணை முடிவதற்குள் அடுத்த தலைமுறைக் கார்டே அறிவிக்கப்படலாம். என்விடியாவின் பெரிய வரிசைகள் 2016, 2018, 2020, 2022, 2025 என்று வந்திருக்கின்றன.

வாங்குறதுக்கு முன்னாடி 6 கேள்வி

1. நான் அதிகம் விளையாடும் மூன்று கேம்களில், இப்போதைய கார்டு எங்கே திணறுது?
2. சோதனையில் தடை கார்டா, புரோசசரா?
3. புதுக் கார்டின் வேகத்தைக் காட்டும் திரை என்னிடம் இருக்கா?
4. பவர் சப்ளை, கேசிங் அளவு, ஏர்கான் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
5. பழைய கார்டை விற்றால் கைக்கு எவ்வளவு வரும்?
6. ஒரு படி கீழே உள்ள கார்டை வாங்கி, மிச்சப் பணத்தை வேறு எதற்குப் பயன்படுத்தலாம்?

ஆறாவது கேள்விக்குப் பதில் எழுதிப் பாருங்க. 5090க்கும் 5070 டிஐக்கும் இடையில், அறிவிக்கப்பட்ட விலையிலேயே சுமார் 1,770 வெள்ளி வித்தியாசம். அதில் ஒரு நல்ல திரையும் புரோசசரும் வாங்கி மிச்சமும் பிடிக்கலாம். ஆறுக்கும் பதில் தெளிவாக இருந்து, காசும் கையில் இருந்து, அப்படியும் அந்தப் பெரிய கார்டுதான் வேண்டும் என்று தோன்றினால் தாராளமாக வாங்கலாம். 1,000 வாட் பவர் சப்ளையை மட்டும் மறந்துடாதீங்க.